ஒட்டி நின்ற இரண்டாவது சிகரம்

அத்தியாயம் 11

அப்பாவின் இதயச் சுவரில் படிந்திருப்பது என்ன என்று போன வாரமே தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தது, இன்னும் வெளியே விடவில்லை. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். படுக்கையில் கிடந்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏதோ வண்டி தாமதமாவதைப் போல.

டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம். எல்லோர் உடம்பிலும் ஓடுவது. சிலருக்கு அது உருக்குலைந்து, நூல் நூலாக இதயத்தில் போய்ப் படிந்துவிடும். வயதான காலத்தில் தானாகவே இப்படி ஆவதுண்டு. அப்படியானால் அது அப்பாவோடு நிற்கும். இன்னொரு வகை, பரம்பரை. அந்தப் புரதத்தில் ஓரிடம் பிறவியிலேயே மாறியிருக்கும். அப்படியானால் பிள்ளைகளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்துப்போய் வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். இளையவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். அதனால்தான் கேள்வி இவ்வளவு கனத்தது.

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர வாரக்கணக்காகும். "அதுக்குள்ள உங்க லேசர் மெஷின்ல பார்த்துட முடியாதா?" என்று டாக்டரே மூத்தவளிடம் கேட்டார். முடியும் என்றாள். சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

இன்று அந்த மெஷின் ஓடும் நாள்.

காலையில் மூத்தவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் எழுந்தபோது கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஏற்கெனவே விழித்திருந்தார்.

"என்ன கார்டு, டூட்டி முடிஞ்சுதா?"

சின்ன வயதில் எங்கே போனாலும் எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறுவாள். ரயில் கார்டு என்று அப்போது வைத்த பெயர், நரைக்கத் தொடங்கிய பிறகும் போகவில்லை.

"இது முடிஞ்சுது. அடுத்தது ஆரம்பிக்கப் போகுது."

"இன்னைக்குத்தானே என்னைச் சுடறீங்க?"

"உங்களை இல்லப்பா. உங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஒரு துளியை."

"அது எப்படின்னு மறுபடி சொல்லு. நேத்து பாதியில தூங்கிட்டேன்."

அவள் சொன்னாள். துளியை ஒரு அமிலக் கரைசலோடு கலந்து இரும்புத் தட்டில் வைத்துக் காயவிடுவார்கள். காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து லேசரால் அடித்தால், அந்தப் புரதம் உடையாமல் கிளம்பி ஒரு நீளக் குழாய்க்குள் பறக்கும். லேசானது முதலில் போய்ச் சேரும், கனமானது பின்னால் வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம்.

"பாசஞ்சர் முன்னாடி, கூட்ஸ் பின்னாடி," என்றார் அப்பா.

"அதேதான்."

"என் வண்டியில அதிகச் சுமை இருந்தா?"

"திரையில கோடு எழும்பி ரெண்டு சிகரம் வரும். சாதாரணப் புரதம் ஒண்ணு, மாறின புரதம் ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வந்தா என்கிட்ட சொல்லாத. நான் போனப்புறம் தம்பிகிட்ட சொல்லிக்கோ. பிள்ளைக்கு நோவைக் குடுத்துட்டுப் போனேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுத்திருக்க முடியாதும்மா."

அம்மா வந்து பையை வைத்தாள். பேச்சு அதோடு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் தம்பியின் போன்.

"அக்கா, ரிசல்ட் வந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். அவகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."

"சரிடா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தம்பி மனைவியின் போன். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். வீட்டில் மாமனார் முதல் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

"அண்ணி, எதுவா இருந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க. அவருக்குத் தாங்காது. நான் பார்த்துச் சொல்லிக்கறேன்."

"சரிம்மா."

இரண்டு பேருக்கும் சரி என்று சொன்னபோது அவளுக்குப் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. அதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடம் மூன்றாவது மாடியில். அந்த அறைக் கதவில் 'நிறை நிறமாலைமானி' என்று பலகை தொங்கும். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது லேசர் மெஷின். ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி நிற்கும் சாம்பல் நிறப் பெட்டி. அதன் பம்பு இரைச்சல் நிற்காது. அந்த அறையில் பல வருஷம் இருந்தவர்கள் வெளியே வந்தும் உரக்கத்தான் பேசுவார்கள்.

பூனையைத் தவிர. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். பின்னால் வந்து நிற்பதே தெரியாது என்பதால் அந்தப் பெயர். அவன் குழந்தைகள்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகின்றன என்று ஒருமுறை வருத்தப்பட்டுக்கொண்டான்.

சொந்தக்காரர்களின் மாதிரியைச் சொந்தக் கையால் ஓட்டக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் இன்று மெஷின் முன் உட்கார்ந்தவன் பூனை. அவள் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தட்டில் மூன்று புள்ளிகள். முதலாவது அப்பாவுடையது. இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்கப் பூனை கொடுத்த அவனுடைய சொந்த ரத்தத்திலிருந்து எடுத்தது. மூன்றாவது அவளுடையது.

மூன்றாவதற்கு அவன் லேசில் சம்மதிக்கவில்லை. ரத்தம் எடுத்த அன்றே வாதம் செய்தான்.

"கெட்டதா வந்தா என்ன பண்ணுவ? இதையெல்லாம் அதுக்குன்னு இருக்கறவங்க உட்கார வெச்சு, பேசித்தான் சொல்லணும்."

"அப்பாவுக்கு இருக்குன்னு தெரிஞ்ச பிறகு, எனக்கும் இருக்கான்னு தனியா ஒருதரம் பயப்படணுமா? என்னால முடியல பூனை. பயப்படறதை ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

அவன் மூன்றாவது குழாயிலும் ஓர் எண்ணை ஒட்டினான்.

இப்போது தட்டு உள்ளே போயிற்று. காற்றை உறிஞ்சும் வரை காத்திருந்தார்கள். திரையில் முதல் புள்ளி தெரிந்தது, குளிர்ந்த கண்ணாடிமேல் பனி படிந்ததுபோல. பூனை லேசரை அங்கும் இங்கும் நகர்த்தினான். சில இடங்களில் ஒன்றுமே வராது. நன்றாகப் படிந்த இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும். அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். கீழே கோடு நடுங்கியது, குன்று போல எழுந்தது, மெல்லக் கூர்மையாயிற்று.

ஒரே ஒரு சிகரம்.

"இன்னும் கொஞ்சம் அடி," என்றாள்.

அடித்தான். அதே இடம். ஒற்றைச் சிகரம். சிகரத்தின் தோளில்கூட ஒரு புடைப்பு இல்லை.

"உங்கப்பாவுக்கு ஒத்தைதான்," என்றான் பூனை. "சுத்தமா இருக்கு."

அவள் தலையை நாற்காலியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

"போன் பண்ணிச் சொல்லு, போ."

"ரெண்டு பேர்கிட்டயும் முதல்ல சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நேர்ல போய் எல்லாருக்கும் ஒண்ணாச் சொல்லிடறேன்."

பூனை சிரித்தான். இரண்டாவது புள்ளியை அடித்தான். அவனுடையது. ஒற்றை. மூன்றாவதற்கு நகர்த்தினான்.

அவள் பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். பூனை ஏதாவது சொல்வான் என்று காத்திருந்து, சொல்லாததால் நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில் இரண்டு சிகரங்கள். ஒட்டி ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன.

"இது எது?" என்றாள்.

"மூணாவது."

"புள்ளி மாறியிருக்கும்."

"இரு, பார்க்கலாம்."

"எங்கப்பாவோடதும் என்னோடதும் இடம் மாறிப் போயிருக்கும் பூனை. சின்னக் குழாய்தானே, எடுக்கும்போது மாறியிருக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காலையில் குரலைத் தாழ்த்திக் கெஞ்சிய மனிதருக்கு அந்த இரண்டு சிகரங்களையும் திருப்பிக் கொடுத்துவிடப் பார்த்தாள். அவருக்கு இருந்து, தனக்கு இல்லாமல் போகட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டாள். கன்னம் சுட்டது.

பூனை எதையும் கவனிக்காதது போல எழுந்தான். குழாய்களின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்தான். மறுபடி துளி எடுத்தான், புதுத் தட்டில் வைத்தான், காயவிட்டான். இந்தமுறை அவளுடையதை முதலில் வைத்தான். மறுபடி காற்றை உறிஞ்சும் வரை காத்திருந்தார்கள்.

அவளுடையது, இரண்டு. அப்பாவுடையது, ஒன்று.

"அப்பாகிட்ட இல்ல," என்றாள் மெதுவாக. "என்கிட்ட இருக்கு. அப்படின்னா அம்மா பக்கம்."

"அவசரப்படாத." பூனை நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "இந்த மாற்றங்கள்ல எல்லாமே கெட்டது கிடையாதுன்னு உனக்கே தெரியும். எடையில முப்பது அலகு கூடியிருந்தா அது பலபேர் உடம்புல இருக்கறது. சாகற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது."

"முப்பத்திரண்டு கூடியிருந்தா?"

பதில் அவளுக்கே தெரியும். முப்பத்திரண்டு என்றால் கெட்டது. நரம்பில் தொடங்கி இதயத்துக்குப் போவது.

"இங்க எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள்.

"முப்பத்தொண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூனையும் சிரித்தான், வேறு வழியில்லாமல்.

இவ்வளவு பெரிய புரதத்தை முழுசாக நிறுத்தால் அந்த மெஷினுக்கு ஒன்றிரண்டு கூடும், குறையும். லாரியை எடைபோடும் மேடையில் லாரிக்குள் இருக்கிற டிரைவர் வெற்றிலை போட்டிருக்கிறாரா என்று கேட்பது போன்ற விஷயம். அதற்குப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். சின்னத் துண்டு என்றால் மெஷின் துல்லியமாகச் சொல்லிவிடும். வெட்டுவதற்கு ஒரு நொதி இருக்கிறது. அதைக் கலந்து, இதமான சூட்டில் நாளை வரை விட்டுவைக்க வேண்டும்.

"நான் கலந்து வெச்சிடறேன்," என்றான் பூனை. "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நல்ல சேதியை மட்டும் சொல்லு. அது பொய் இல்லையே."

பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே ஒத்திகை பார்த்தாள். அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. நாலைந்து முறை சொன்னதும் அது வேறு மொழி போலக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருந்தார்கள். தம்பி கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருந்தான். டீச்சர் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. அம்மா படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இவள் உள்ளே நுழைந்ததும் நான்கு முகங்களும் திரும்பின.

"அப்பாவுக்குப் பரம்பரையா வந்தது இல்ல. ஒத்தைச் சிகரம்தான். வயசுனால வந்தது," என்றாள்.

தம்பி எழுந்து நின்றான். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல. நமக்கு ஒண்ணும் இல்ல, டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நாற்பதை நெருங்கும் ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோருக்கும் ஏதாவது குடிக்க வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். பர்ஸை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய், பாதியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா மகளையே பார்த்தார்.

"அப்போ நான் யாருக்கும் எதையும் குடுத்துட்டுப் போகல?"

"எதையும் குடுக்கலப்பா."

"உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கம் இல்ல."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள் அம்மா, போர்வையைச் சரிசெய்தபடி. குரலில் பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு. "இவங்க வீட்டுல எல்லாரும் கல்லு மாதிரி இருந்து போனவங்க. பரம்பரைன்னு ஒண்ணு இருந்தா அது எங்க பக்கம்தான் இருக்கணும். எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் காலு மரத்துப்போச்சு, காலு மரத்துப்போச்சுன்னுதான் கிடந்தாங்க. ஒருத்தர்கூட அறுபதைப் பார்க்கல."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆரஞ்சுப்பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

மூத்தவள் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். நடைபாதைக் கோடியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

யாரோ குழாயை மூடினார்கள். டீச்சர்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"மாமாவோட ரத்தம் மட்டும்தான் வெச்சீங்களா?"

"ஒப்பிட்டுப் பார்க்கப் பூனையோடதும் வெச்சோம்."

"வேற?"

மூத்தவள் கைக்குட்டையைத் தேடினாள்.

"நான் உங்க இடத்துல இருந்தா என்னோடதையும் சேர்த்து வெச்சிருப்பேன்," என்றாள் டீச்சர். "அதனால கேட்டேன். நீங்க உள்ள வந்து 'அப்பாவுக்கு இல்ல'ன்னு சொன்னீங்க. 'நமக்கு இல்ல'ன்னு சொன்னது அவர்தான். நீங்க சொல்லல."

வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் எந்த வரி விட்டுப்போயிற்று என்று பார்த்துப் பழகிய கண். அதனிடம் மறைக்க மூத்தவளுக்குத் தெம்பில்லை. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு சிகரம், அம்மா பக்கம், முப்பத்தொன்று, நாளை வரை காத்திருக்க வேண்டியது.

டீச்சர் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை எங்கோ வைத்துக் கேட்டாள்.

"முப்பதுன்னா?"

"ஒண்ணும் இல்ல. அப்படியே விட்டுடலாம்."

"முப்பத்திரண்டுன்னா?"

"கெட்டது. ஆனா நடு வயசுக்கு மேலதான் தலைகாட்டும். முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்கு. என் மாமாக்கள் காலத்துல அதுவும் இல்ல."

"அவருக்கு வந்திருக்க வாய்ப்பு?"

"பாதிக்குப் பாதி."

"எனக்குள்ள இருக்கறதுக்கு?"

"அதுல பாதி."

"கால் பங்கு," என்றாள் டீச்சர். தள்ளுவண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. பிறகு, "அவர்கிட்ட இன்னைக்குச் சொல்ல வேண்டாம் அண்ணி. இன்னைக்காவது சாப்பிட்டுத் தூங்கட்டும்," என்றாள்.

"உன்னால அவன்கிட்ட மறைக்க முடியுமா?"

"ஒரு ராத்திரிதானே. தூக்கம் வருதுன்னு சொல்லித் திரும்பிப் படுத்துக்கறேன்." கொஞ்சம் சிரிக்க முயன்றாள். "அத்தைகிட்ட?"

"அவங்க ரத்தமும் வேணும். ஆனா எந்த முகத்தோட போய்க் கேக்கறதுன்னு தெரியல. இப்பத்தான் ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசறாங்க."

"நாளைக்குத் தெரிஞ்சப்புறம் கேக்கலாம். முப்பதா இருந்தா கேக்கவே வேண்டாம்."

நடைபாதையின் மறுகோடியில் தம்பி வருவது தெரிந்தது. இரண்டு கையிலும் காகிதக் கோப்பைகள். ததும்பி விடாமல் இருக்க அடிமேல் அடி வைத்து வந்தான். அவர்களைப் பார்த்ததும் முகம் நிறையச் சிரித்தான்.

டீச்சரும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த முகத்தை மாற்றாமலே, உதட்டை அசைக்காத குரலில் பேசினாள்.

"நாளைக்கு நானும் வரேன். அந்தத் திரையை நானும் பார்க்கணும்."

வெளி ஆட்களை அந்த அறைக்குள் விடுவதில்லை. பூனை சங்கடப்படுவான். இந்த நிலையில் இவள் அங்கே வரவே கூடாது. சொல்ல வேண்டியதெல்லாம் மூத்தவளின் வாய்வரை வந்தது.

"மூணு மாடி ஏறணும்மா. லிஃப்ட் கிடையாது," என்றாள்.

"மெதுவா ஏறலாம் அண்ணி," என்றாள் டீச்சர். பிறகு இரண்டடி முன்னால் போய், கணவன் கையிலிருந்து ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டாள்.